கேரி நேஷனா, பிரான்சஸ் வில்லர்டா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், ஷெபீன்கள் எனும் உரிமமில்லாத மதுக்கடைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது கேட்பார்கள்: “போய் அடித்து நொறுக்கினால் என்ன?”

அதைச் செய்தே காட்டியவர் அமெரிக்காவின் கேரி நேஷன். முதல் கணவர் மருத்துவர். குடியே அவரைக் கொண்டுபோனது. கான்சஸ் மாநிலத்தில் 1881 முதலே மதுவிலக்கு, ஆனாலும் மதுக்கடைகள் தாராளமாக நடந்தன. 1900-இல் கயோவா ஊருக்குக் கற்களோடு போய்க் கண்ணாடிகளையும் புட்டிகளையும் உடைத்தார். சட்டவிரோதக் கடையை உடைப்பது எப்படிக் குற்றம் என்பது அவர் வாதம். அப்புறம்தான் கைக்கோடாலி வந்தது. சுமார் முப்பது முறை கைதானார்; சட்டையில் குத்திக்கொள்ளும் குட்டிக் கோடாலிப் பின்களை விற்று அபராதம் கட்டினார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

அதே அமெரிக்காவின் பிரான்சஸ் வில்லர்ட் ஆள் சேர்த்தவர். 1879 முதல் 1898-இல் இறக்கும்வரை பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். அடையாளம் ஒரு வெள்ளை ரிப்பன். குடிகாரக் கணவனிடமிருந்து வீட்டைக் காக்கப் பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்றார்.

நான் வில்லர்ட் பக்கம். இங்கே சில ஷெபீன்களை நடத்துவதே பெண்கள்தான், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்காக. கோடாலி யார் தலையில் விழும்? 1959-இல் டர்பனின் கேட்டோ மேனரில் ஆப்பிரிக்கப் பெண்கள் நகராட்சி பீர் ஹால்களைத் தாக்கியதும் மதுவிலக்குக்காக அல்ல. வீட்டில் பீர் காய்ச்சிப் பிழைத்தவர்களைப் போலீஸ் விரட்டியதுதான் காரணம்.

நம் ஆண்கள் பலர் புரட்டாசியிலும் காவடி விரதத்திலும் தொடுவதில்லை. விரதம் முடிகிற வாரத்திலேயே பெண்கள் கூடி, அவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.