குழாய் முனையை அடைக்கும் தண்டுகள்: வவுனியாக் கடைசல் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

கிளிநொச்சியில் உள்ள எங்கள் சிறு பட்டறையில், முல்லைத்தீவுக் கரையோர மீன் குளிரறைகளின் திருத்த வேலைக்குத் தேவைப்படுகின்ற, ஆனால் கடைகளில் எளிதில் அகப்படாத அளவுகளிலான செப்பு ரீ (T வடிவ) இணைப்புகளை, தண்ணீர் அமுக்கத்தால் குழாயை விரித்து உருவமைக்கும் ஹைட்ரோஃபோமிங் முறையில் நாங்களே செய்துகொள்கிறோம். அதற்கான சிறிய அழுத்தியின் இரு பக்கமும் பொருத்துவதற்கு, குழாயின் முனைகளை அடைக்கும் தண்டுகளை வவுனியாவில் ஏ9 வீதியை அண்டியுள்ள கடைசல் பட்டறை ஒன்றில் செய்வித்தோம். கூம்பு முனை கொண்ட ஒரு சோடியும், ஓரிங் எனும் இறப்பர் வளையம் பூட்டிய நேர்முனை கொண்ட ஒரு சோடியும் அவர்களது வேலை. குறையும் சொல்ல இருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்த முறையில் குழாயை அச்சினுள் வைத்து, அச்சை மூடி, உள்ளே தண்ணீரை நிரப்பி, அமுக்கத்தை ஏற்றிச் செப்பை அச்சின் வடிவத்துக்கு விரியச் செய்கிறோம். செப்பு ரீ இணைப்புகளை இவ்வாறு செய்வதற்கு அமெரிக்காவில் 1940 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே இது புதுமை அல்ல. பம்பியும் அச்சும் பணம் கொடுத்தால் கிடைப்பவை. வேலை தோற்பது பெரும்பாலும் குழாயின் இரு முனைகளில்தான். அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் கைப்பம்பியை எவ்வளவு அடித்தும் அமுக்கமானி ஏறாது. ஏறிய பின் கசிந்தாலோ ரீயின் நடுவிலிருந்து பிரியும் கிளை பாதி எழும்பிய நிலையில் நின்றுவிடும், அந்தக் குழாய் பழைய செப்புக் கூடைக்குள் போக வேண்டியதுதான்.

அடைப்பதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கணக்கிட்ட பின்னரே தண்டுகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு ஏறத்தாழ 1.27 மில்லிமீற்றர். உள்விட்டப் பரப்பு 530 சதுர மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வருகிறது. 300 பார் அமுக்கத்தில் தண்ணீர் மட்டும் ஒவ்வொரு தண்டையும் சுமார் 16 கிலோநியூற்றன் விசையுடன், அதாவது 1.6 தொன் அளவில், பின்னோக்கித் தள்ளும். இதைத் தாங்கினால் மட்டும் போதாது. கிளை எழும்பும்போது சுவர் மெலிந்து வெடிக்காமல் இருக்க வேண்டுமானால், இரு முனைகளிலிருந்தும் செப்பை உள்ளே தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு தொன்னுக்கு மேல் தேவைப்படும். தள்ளு குறைந்தால் கிளையின் உச்சி கிழியும், கூடினால் குழாயின் உடல் மடிந்து சுருக்கம் விழும். ஆகவே தண்டு ஒரே நேரத்தில் மூடியாகவும் தள்ளுகோலாகவும் இருக்க வேண்டும் என்பதே நாங்கள் பட்டறைக்கு வைத்த நிபந்தனை.

வேலையை ஏற்றுக்கொண்ட விதத்துக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். வரைபடத்தை வாங்கிப் பார்த்த உரிமையாளர், "இலக்கத்தை மட்டும் சொல்லாதேங்கோ தம்பி, குழாய்த் துண்டையும் கொண்டுவாங்கோ" என்றார். நியாயமான பேச்சு. தண்ணீர் வேலைக்கு வரும் 28 மில்லிமீற்றர்ச் செப்புக் குழாயும், குளிரூட்டல் வேலைக்கு வரும் 1 1/8 அங்குலக் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அவற்றிடையே 0.6 மில்லிமீற்றர் வித்தியாசம் உண்டு. முதலாவதற்குக் கடைந்த கூம்பை இரண்டாவதில் நுழைத்தால் அது எதிர்பார்த்த இடத்தில் பிடிக்காது. துண்டின் உள்விட்டத்தைப் பல திசைகளில் அளந்து, அது முழு வட்டமாக இல்லை என்பதையும் அங்கேயே காட்டினார்கள். அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் பயின்ற இளைஞர் ஒருவர் அங்கே லேத்தில் நிற்கிறார்; அளக்காமல் எதையும் வெட்டாத பழக்கம் அவரிடம் தெரிகிறது.

கூம்புச் சோடி மிகவும் நன்றாக வந்திருக்கிறது. தண்டு முன்னேறும்போது கூம்பு குழாயின் விளிம்பைச் சற்று விரித்து, அச்சின் சுவருக்கும் தனக்கும் இடையில் செப்பைக் கவ்விக்கொள்கிறது. பின்னால் உள்ள தோள்பட்டை குழாயின் முகத்தில் முட்டி அதை உள்ளே தள்ளுகிறது. இறப்பர் எதுவும் இல்லை, உலோகமே உலோகத்தை அடைக்கிறது. இத்தகைய கூம்பில் சாதாரணமாகக் கவனிக்கப்படாத ஓர் இடம் உண்டு: லேத்தின் வெட்டுளி கூம்பின் மேல் மெல்லிய திருகுக் கோடு ஒன்றை விட்டுச் செல்லும், கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் உயர் அமுக்கத்தில் தண்ணீர் அந்தத் திருகு வழியாகவே வெளியேறிவிடும். இவர்கள் எமரித் துணியும் எண்ணெயும் கொண்டு வட்டத் திசையிலேயே தேய்த்து அந்தக் கோட்டை முற்றாக அழித்திருந்தார்கள். கையளிக்கும் முன் கூம்பில் நீல மை தடவி, குழாய்த் துண்டைப் பொருத்தித் திருப்பி, மை சுற்றிவர ஒரே சீராக ஒட்டுகிறதா என்றும் பார்த்தார்கள்.

பாவிக்கத் தொடங்கிய பின், செப்பு விளிம்பு அமர்ந்த இடத்தில் கூம்பில் மினுங்கும் வளையம் ஒன்று பதிந்தது. ஒவ்வொரு குழாய்க்குப் பின்னும் நாங்கள் பார்ப்பது அதைத்தான். வளையம் முழுமையாக இருந்தால் அடைப்புச் சரி; ஒரு பக்கத்தில் மங்கினால் குழாய் செங்குத்தாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம், தண்டில் குற்றம் இல்லை. அதனால் குழாய்களை உருட்டு வெட்டியால் வெட்டுவதை நிறுத்தி, லேத்தில் முகம் எடுத்து (முனையைச் செங்குத்தாகக் கடைந்து), உள்ளும் புறமும் பிசிறு நீக்கியே அச்சில் வைக்கிறோம். உருட்டு வெட்டி விளிம்பை உள்நோக்கி வளைத்துவிடும். கூம்புக்கு அது முதல் எதிரி. இந்த முறைக்குச் சேதாரமும் உண்டு: விரிந்த முனைகளை வேலை முடிந்ததும் வெட்டி எறிய வேண்டும். செப்பு விற்கும் விலைக்கு அது நோகத்தான் செய்கிறது.

ஓரிங் சோடியைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. ஓரிங் அமரும் தவாளிப்பின் விளிம்புகள் மழுக்கப்படாமல் கூராகவே விடப்பட்டிருந்தன. தண்டு உள்ளே போகும்போதே இறப்பரில் வெட்டு விழுந்தது. கூடவே தந்த ஓரிங்குகளின் கடினம் என்னவென்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. சாதாரண 70 ஷோர் (இறப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) இறப்பர், அது பிதுங்காமல் பின்னால் முட்டுக்கொடுக்கும் பின்தாங்கு வளையம் இல்லாத நிலையில், 100 பாரைத் தாண்டும்போது இடைவெளிக்குள் பிதுங்கத் தொடங்கும். 90 ஷோர் இறப்பரும் டெஃப்லோன் பின்தாங்கு வளையமும் இருந்திருந்தால் இன்னும் தாக்குப்பிடித்திருக்கும், ஆனால் அந்த வளையத்துக்கு இடம் விட்டுத் தவாளிப்பை அகலமாக வெட்ட வேண்டும், அது செய்யப்படவில்லை. அத்துடன் குழாயை உள்ளே தள்ளும் வேலைக்கு இந்த வகை அடிப்படையிலேயே பொருந்தாது; தள்ளுத் தேவையில்லாத, சற்றே விரிக்கும் வேலைக்கே அது ஏற்றது. இப்போது அந்தச் சோடியை, விளிம்புகளை நாங்களே மழுக்கிய பின், குழாய்களின் கசிவுச் சோதனைக்குக் குறைந்த அமுக்கத்தில் பாவிக்கிறோம். கொடுத்த காசுக்கு அது போதாது.

தவணை விடயத்திலும் குறை உண்டு. காலபோக அறுவடை நெருங்கும் காலத்தில் வேலையைக் கொடுத்தால், வன்னி முழுவதிலுமிருந்து அறுவடை இயந்திரங்களின் தண்டுகளும் புஷ்களும் அங்கே வந்து குவியும், எங்களைப் போன்றவர்களின் வேலை மேசைக்குக் கீழே போய்விடும். அது விளங்கிக்கொள்ளக்கூடியதே, வயல் காத்திராது. ஆனால் தாமதமாகும் என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தண்டுகளைச் சூடாக்கிக் கடினமாக்கும் பதமிடும் வேலையை வெளியே கொடுத்துச் செய்விப்பதும் நாட்களை இழுக்கிறது. கூலியைப் பொறுத்தவரை, கூம்புச் சோடிக்கு வாங்கியது கூடுதல் போலத் தோன்றினாலும், கொழும்பில் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் குறைவே.

இதே போன்ற தண்டுகளைச் செய்விக்க விரும்புபவர்கள் இன்னும் இரண்டு துளைகளைக் கேட்டுப் பெற வேண்டும். ஒரு தண்டின் நடுவே தண்ணீர் நுழையும் துளையும், மறு தண்டில் காற்று வெளியேறும் துளையும் அவசியம்; அழுத்தியைச் சற்றுச் சாய்த்து, காற்றுத் துளை உள்ள பக்கத்தை உயர்த்தி வைத்து, குமிழி வருவது முற்றாக நிற்கும் வரை நிரப்பிய பின்னரே அதை மூட வேண்டும். 400 பாரிலும் தண்ணீர் இரண்டு சதவீதத்துக்குக் குறைவாகவே சுருங்கும், அதனால் அது தேக்கி வைக்கும் சக்தி சிறிது. உள்ளே சிக்கிய காற்று அப்படியல்ல, குழாய் வெடித்தால் துண்டுகளை எறியும். தண்டின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு கூம்பின் முகத்தில் வெள்ளையாகப் படிந்து வளையத்தைக் கெடுப்பதால், மழைநீரில் கடைசல் வேலைக்குரிய கரையும் எண்ணெயைக் கலந்தே பாவிக்கிறோம்.

அடுத்து 22 மில்லிமீற்றர்க் குழாய்க்கும் ஒரு கூம்புச் சோடி தேவைப்படுகிறது. அதையும் இதே பட்டறையில்தான் கொடுக்கப்போகிறோம், அறுவடை முடிந்த பிறகு.