பீரோவா, சுவர் அலமாரியா, திறந்த ரேக்கா: குன்னூர் ஈரத்துக்கு எது தாங்கும்?

வேண்டாததைக் கழித்து வீட்டை ஒழுங்கு செய்யச் சொல்லித்தரும் ஆட்கள் பெரும்பாலும் சமவெளியில் இருக்கிறார்கள். மடித்து அடுக்கு, மூடி போட்ட பெட்டியில் வை, கதவைச் சாத்து என்பார்கள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு அது அப்படியே பொருந்தும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், தென்மேற்கு மழையிலும் நனைந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இன்னும் பலமாக நனையும் குன்னூரில், கதவைச் சாத்துவதில்தான் தொல்லையே தொடங்குகிறது. போன வருஷம் வீடு மாறியபோது சாமான்களைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மிச்சத்தை எதில் வைப்பது என்று யோசித்ததில் மூன்று வழி இருந்தது: இரும்பு பீரோ, சுவரோடு சேர்த்து அடிக்கும் கதவு வைத்த அலமாரி, கதவே இல்லாத மர ரேக். நான் ரேக் பக்கம் சாய்ந்தேன், ஒரே ஒரு பீரோவை மட்டும் விடவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பூட்டு வேண்டுமென்றால் பீரோ. அறை நறுவிசாகத் தெரிய வேண்டுமென்றால் சுவர் அலமாரி. செலவு குறைய வேண்டுமென்றால் ரேக். இதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை.

விஷயம் பூஞ்சணம்தான். அது வளர ஈரம் வேண்டும், தின்ன ஏதாவது வேண்டும், காற்று அசையாத இடமென்றால் இன்னும் சுலபம். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நாள்கணக்கில் நின்றால் அதற்குப் போதும், மழைக்காலத்தில் இங்கே தாராளமாகத் தாண்டும். பருத்தி, தோல், புத்தக அட்டையில் தடவிய பசை, மரம், சும்மா படிந்த தூசி எல்லாமே அதற்குச் சாப்பாடு. ஈரத்தை நாம் நிறுத்த முடியாது, துணியைத் தூக்கி எறியவும் முடியாது. நம் கையில் இருப்பது காற்று ஒன்றுதான். அந்த ஒரு கணக்கில்தான் மூன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பீரோவின் இரும்பைப் பூஞ்சணம் தின்னாது, சரி. ஆனால் இரும்பு ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சமையல் ஆவியும் மூச்சும் கலந்த வீட்டுக் காற்று உள்ளே புகுந்து அந்தக் குளிர்ந்த தகட்டில் பட்டதும் தண்ணீராக மாறும். மழை நாளில் காலையில் பீரோவைத் திறந்து பின் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள், விரல் நனையும். தகட்டை ஒட்டி இருக்கும் புடவையின் மடிப்பைப் பிரித்தால் மடிப்பு விளிம்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வரிசை கட்டியிருக்கும், மேல் பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். பாச்சா உருண்டை போட்டால் பூச்சி வராது, ஈரம் குறையாது. இந்த இரண்டையும் நிறைய பேர் ஒன்றாக நினைக்கிறார்கள். முன்பெல்லாம் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரப்பதம் இறங்கும். இப்போது வரும் எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு கிடையாது. தவிர, துணிக்குப் பக்கத்தில் குண்டு பல்பை எரியவிட்டு வெளியே போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சுவர் அலமாரி இதைவிட மோசம், அதுவும் வெளிச்சுவரோடு ஒட்டி அடித்திருந்தால். பழைய கல் சுவர் மழையை உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் ஈரமாகவே நிற்கும், அலமாரியின் முதுகு அதில்தான் சாய்ந்திருக்கிறது. துகள் பலகையில் செய்தது என்றால் கீழ் விளிம்பு உப்பி, கீல் திருகு பிடிமானம் இல்லாமல் கழன்று வரும். தண்ணீர் பட்டாலும் பசை விடாத மரைன் பிளைவுட் போட்டால் போதும் என்று ஆசாரி சொல்வார். பலகையின் பசை விடாது என்பது உண்மை. உள்ளே இருக்கும் ஜெர்கினுக்கும் செருப்புக்கும் அந்தப் பசையால் என்ன பயன்? வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும், அதைக் கழற்றி எடுத்துப் போக முடியாது, விற்கவும் முடியாது. பீரோ துருப்பிடித்தாலும் எடைக்குப் போகும். ஆனால் இங்கே பாதி வீடுகளுக்கு வண்டி வராது, சாலையிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும், பீரோவைப் படியில் இறக்க நாலு ஆள் கூலி.

இனி ரேக். சில்வர் ஓக் பலகை, தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிறதே, அதே மரம். தட்டுகளை ஒரே பலகையாக அடைக்காமல் பட்டைகளாக, இடையில் விரல் நுழையும் சந்து விட்டு அடிக்கச் சொன்னேன். பின்பக்கம் பலகையே கிடையாது. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அதுவும் உள்சுவர் பக்கம்தான் நிற்கிறது. துணிக்கு அடியிலும் பின்னாலும் காற்று போய்வருகிறது. அந்த மழைக்காலம் முழுக்க அன்றாடம் உடுத்தும் துணியில் வாடை வரவில்லை, கம்பளியில் வரவில்லை. பராமரிப்பு என்றால் தூசி தட்டுவதும், வெயில் தலைகாட்டும் நாளில் அடியில் இருப்பதை மேலே மாற்றி வைப்பதும்தான். பீரோவுக்கு இருந்த வேலையைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை: ஈரம் உறிஞ்சும் உப்புப் பொட்டலம் வாங்கித் தொங்கவிட வேண்டும், அது தண்ணீராக நிரம்பியதும் கொட்ட வேண்டும், சிலிக்கா ஜெல்லைச் சூடுகாட்டித் திரும்ப வைக்க வேண்டும், ஒரு வாரம் மறந்தாலும் பழையபடி ஆகிவிடும்.

சாமானைக் குறைப்பதற்கும் ரேக்தான் உதவியது. கதவு இருந்தால் மே மாதம் வரும் விருந்தாளிகளுக்கென்று வாங்கிய ரஜாய்கள், உறவினர் கோடைக்கு வந்து விட்டுப்போன ஸ்வெட்டர்கள் எல்லாம் உள்ளே அமுங்கிக் கிடக்கும், இருப்பதே தெரியாது. ரேக்கில் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். அதோடு நெருக்கி அடுக்கினால் காற்று போகாது என்பதால் இடம் இருக்கும் அளவுக்குத்தான் வைக்க முடியும், மிச்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கம்பளி உடுப்பை இந்த ஊரில் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள், துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்.

பட்டுக்கும் பத்திரங்களுக்கும் ரேக் ஆகாது. அதற்காகத்தான் அந்த ஒரு பீரோ, அதையும் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஈரம் குறைந்த மதிய நேரத்தில் மட்டும் திறக்கிறோம். எலித் தொல்லை உள்ள வீட்டில் ரேக் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்ததில்லை, அங்கே கம்பளியைத் திறந்து வைக்க நானே யோசிப்பேன். அதேபோல நான் சொல்வது குன்னூர் பக்கத்து ஈரத்துக்கு. மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. கூடலூர், பந்தலூர் மாதிரி தென்மேற்கு மழை நேராக அடிக்கும் இடங்களில் காற்றோட்டம் மட்டும் போதாமல் போகலாம், ஈரம் உறிஞ்சும் மின் கருவி தேவைப்படலாம்.

ஒன்று மட்டும் எந்த வழியை எடுத்தாலும் மாறாது: அரைகுறையாகக் காய்ந்த துணியை மடிக்காதீர்கள். கொடியில் தொட்டுப் பார்த்தால் இங்கே குளிருக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இடுப்புப் பட்டியையும் அக்குள் தையலையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ரேக் அடிக்கப் போகிறவர்கள் பலகையை பிப்ரவரி, மார்ச்சில் வாங்கிவிடுங்கள். மழையில் வாங்கிய பச்சைப் பலகை வெயில் வந்ததும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், பட்டைகள் ஒன்றுக்கொன்று சமமாக உட்காராது.