சின்ன எம்2-வா, பழைய 450-ஆ: மதுரைக் கண்மாய்க்கு எது சரி?

ரிமோட்டில் பறக்கும் எலக்ட்ரிக் ஹெலிகாப்டர், அதாவது ஹெலி, பழகலாம் என்று இறங்குபவர் கடைசியில் இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார். ஒன்று, ஓஎம்பி எம்2 போன்ற சின்னது: ரோட்டர் விட்டம் 400 மி.மீ., எடை 300 கிராம் வாக்கில், பெட்டியைப் பிரித்தால் கிட்டத்தட்டப் பறக்கத் தயார். இன்னொன்று, யாரோ பறக்கவிட்டுக் கைமாற்றும் அலைன் டி-ரெக்ஸ் 450, இல்லாவிட்டால் அதன் நகல். 325 மி.மீ. பிளேடு, 700-800 கிராம், எல்லாவற்றையும் நாமே அளந்து பூட்ட வேண்டும். பொம்மைக் கடையில் விற்கும் இரட்டை ரோட்டர் ஹெலி வீட்டு ஹாலுக்கு; இந்தக் கணக்கில் வராது.

நான் சின்னதின் கட்சி. காரணம் விழும்போது தெரியும்.

எம்2-வில் மெயின் ரோட்டரை மோட்டாரே நேரடியாகச் சுற்றுகிறது, பல்சக்கரம் கிடையாது. 450-இல் மோட்டார் தண்டில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஒரு பெரிய பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுற்றும். பிளேடு மண்ணில் அடித்த நொடியில் அந்தச் சக்கரத்தில் நாலைந்து பல் மொட்டையாகிவிடும். கூடவே ரோட்டரைத் தாங்கும் மெயின் ஷாஃப்ட், வாலைத் தாங்கும் குழாயான வால் பூம், இரண்டு பிளேடுகளையும் குறுக்கே இணைக்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் எல்லாம் வளையும். இந்தக் கடைசி ஆள் மோசமானவன். கையில் எடுத்துப் பார்த்தால் நேராகத்தான் தெரியும்; ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால்தான் நெளிவு தெரியும். அதை மாற்றாமல் கிளப்பினால் ஹெலி முழுக்க நடுங்கும். எம்2-வும் உடையும்தான், ஆனால் எடை குறைவு என்பதால் அடி குறைவு. பெரும்பாலும் பிளேடை மாற்றிவிட்டு அன்று மாலையே மறுபடி ஏற்றலாம்.

செட்டப்பில் இரண்டும் வேறு உலகம். 450-இல் முதல் வேலை மோட்டாரின் மூன்று வயரையும் கழற்றிவிடுவது. பிளேடின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டார்களான சர்வோக்களைப் பார்க்கும் நேரத்தில் பிளேடு சுற்றினால் விரல் போய்விடும். ரிமோட்டின் குச்சி நடுவில் நிற்கும்போது மூன்று சர்வோ கைகளும் 90 டிகிரியில் இருக்க வேண்டும், சர்வோ அசைவை பிளேடுக்குக் கொண்டுபோகும் தட்டான சுவாஷ்பிளேட் மட்டமாக இருக்க வேண்டும், பிளேடின் சாய்வை (பிட்ச்) அளக்க அதில் மாட்டிய பிட்ச் கேஜ் பூஜ்யம் காட்ட வேண்டும். குச்சி மேலே போனால் பிளஸ் 10 டிகிரி, கீழே வந்தால் மைனஸ் 10 போதும். இவற்றை இணைக்கும் கம்பியான லிங்க் ஒன்றை அரைச் சுற்று திருகினால் மற்றதெல்லாம் மறுபடி அளக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே போகும். எம்2-வில் இதெல்லாம் கம்பெனியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் வாலை நிலைநிறுத்தும் ஜைரோவை மட்டும் சோதிக்காமல் விடாதீர்கள்: எந்த ஹெலியானாலும், வால் ஒரு பக்கம் நகர்ந்தால் ஜைரோ அதை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தலைகீழாக இருந்தால் தரையை விட்டதும் பம்பரம்தான்.

காற்று என்று வந்தால் 450-க்குத்தான் ஓட்டு. ஆனி, ஆடியில் நம் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் 300 கிராம் ஹெலி எங்கேயோ போகும். எம்2-வின் வாலைச் சுற்றுவது தனி மோட்டார். பேட்டரி இறங்க இறங்க வால் பிடிப்பு தளரும். பெரும்பாலான 450-களின் வால் மெயின் ரோட்டரோடு பெல்ட்டில் சுற்றி, தன் பிட்ச்சை மாற்றிக்கொள்ளும், அதனால் உறுதி. ஆனால் காய்ந்த கோடையில் அதே பெல்ட் நிலைமின்சாரம் கிளப்பி எலக்ட்ரானிக்ஸைக் குழப்புவதும் உண்டு. வால் பூமையும் மோட்டாரைப் பூட்டியிருக்கும் மவுண்ட்டையும் ஒரு வயரால் இணைத்தால் அடங்கும். எப்படியும் அந்த மாதங்களில் விடியற்காலைதான் நம் நேரம்.

இடம்? வற்றிய கண்மாய்தான். பயல்கள் கிரிக்கெட் ஆடும் பக்கம் வேண்டாம், கருவேலமுள் ஓரமும் வேண்டாம். முள்ளுக்குள் விழுந்த ஹெலியை எடுக்கும் வேலை விழுந்ததைவிடக் கொடுமை. அவனியாபுரம், பெருங்குடி பக்கம் விமானநிலையம் என்பதால் பேச்சே கிடையாது. அதன் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது, 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. அழகர்கோவில் சாலைப் பக்கம் போகிறவர்களும் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. டிரோன் விதிக் கணக்கில் இரண்டு ஹெலியுமே 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள். அதனால் பொழுதுபோக்குக்குப் பைலட் உரிமம் தேவையில்லை.

பேட்டரி வகையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டிலும் பெரும்பாலும் மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்). சித்திரை வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தால் உப்பிவிடும்; வீட்டில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

சின்னதற்கு ஒரு பெரிய குறை, உதிரி பாகம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது, உதிரி பாகங்களுக்கு இல்லை. ஆனாலும் எம்2-வின் பாகம் எம்2-வுக்கு மட்டுமே சேரும். 450-க்கோ நகல் பாகங்கள் பல இருக்கின்றன, பலதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதனால் பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: மெயின் பிளேடு, வால் மோட்டார், ஷாஃப்ட் இப்போது கையில் இருக்கிறதா? "வந்துடும் சார்" என்றால், பழைய 450-ஐப் பார்க்கக் கிளம்பலாம்.