பச்சைத் தேயிலை, மஞ்சள், நெல்லி, ரோஸ்மேரி: முகப்பூச்சில் எது தாக்குப்பிடிக்கிறது?

சென்ற கோடையில் சமையலறை ஜன்னலோரம் மூன்று கண்ணாடிக் குப்பிகளை வைத்தேன். முதல் குப்பியில் வெறும் சூரியகாந்தி எண்ணெய். இரண்டாவதில் அதே எண்ணெயுடன் சில சொட்டு ரோஸ்மேரி சாரம். மூன்றாவதில் பச்சைத் தேயிலைச் சாரத்தூளை நீரில் கரைத்து நானே தயாரித்த முகநீர். முதலில் கெட்டது மூன்றாவதுதான். இளம் பொன்னிறமாக இருந்த நீர், வாரம் முடிவதற்குள் பால் விடாத தேநீரைப் போலப் பழுப்பாகிவிட்டது. அடுத்து வெறும் எண்ணெய்: மூடியைத் திறந்ததுமே காறல் வாடை. ரோஸ்மேரி கலந்த எண்ணெய் மட்டும் கோடை முடியும் வரை வாடையின்றி இருந்தது.

ஆய்வகச் சோதனையில் இந்த வரிசை இப்படி வருவதில்லை. டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. அதில் ஆன்டிஆக்சிடன்ட் பொருளை, அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வலிமை என்பது கணக்கு. பச்சைத் தேயிலை அந்தச் சோதனையில் கம்பீரமாகத் தேறும். கிரீம் டப்பாக்களில் அச்சிடப்படும் பெருமைகளில் பல இத்தகைய சோதனைக் குழாயிலிருந்து வந்தவை. ‘ஓராக்’ என்ற மற்றொரு அளவீட்டின்படி உணவுகளைத் தரவரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த எண்களுக்கும் உடலில் நிகழும் விளைவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதும், வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் அது சொன்ன காரணங்கள்.

வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் நிலையற்ற மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை அருகிலிருக்கும் கொழுப்பிலிருந்தும் புரதத்திலிருந்தும் எலக்ட்ரானைப் பறிக்கின்றன. ஆன்டிஆக்சிடன்ட் தன்னுடையதைக் கொடுத்து அந்தப் பறிப்பை நிறுத்துகிறது. கொடுக்கும் குணம்தான் அதன் பலம், அதுவே அதன் பலவீனமும். காற்று பட்டாலும் கொடுத்துவிடும், வெளிச்சம் பட்டாலும் கொடுத்துவிடும். தோலுக்கு வந்து சேரும்போது கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆகவே நான் பார்ப்பது இரண்டே கேள்விகள். குப்பிக்குள் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? தோலில் போய்ச் சேரும் அளவு எவ்வளவு?

பச்சைத் தேயிலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தோலைப் பொறுத்தவரை நால்வரில் இதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடுபடுத்தி, அதைக் கறுக்கச் செய்யும் நொதியை அழித்துவிடுகிறார்கள். அதனால் கேட்டெச்சின்கள் எனப்படும் அதன் ஆன்டிஆக்சிடன்ட்கள் மாறாமல் நிற்கின்றன. அவற்றில் தலையாயது இஜிசிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பச்சைத் தேயிலைப் பாலிபீனால்களை (கேட்டெச்சின்கள் இந்தக் குடும்பம்தான்) தன்னார்வலர்களின் தோலில் பூசிவிட்டுப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். பூசிய இடத்தில் சிவத்தலும் கதிரால் சேதமான செல்களும் குறைந்திருந்தன. சோதனைக் குழாயில் அல்ல, மனிதத் தோலில் கிடைத்த முடிவு என்பதால் இதை நான் மதிக்கிறேன். 2006இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பச்சைத் தேயிலைக் கேட்டெச்சின் களிம்பு ஒன்றை, வேறொரு தோல் நோய்க்காக, மருந்தாகவே அனுமதித்தது. அந்தக் களிம்பில் இருப்பது 15 சதவீதச் சாரம். கடையில் வாங்கும் முகப்பூச்சில் அதன் நிழல் அளவுகூட இருக்காது.

சிக்கல் நீர்தான். இஜிசிஜி அமிலச் சூழலில், அதாவது அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஹெச் எண் 4 அளவில், ஓரளவு அமைதியாக இருக்கும். 7ஐ நெருங்கினாலே வேகமாகச் சிதையும். என் முகநீரில் நான் அமிலத்தன்மையைச் சரிசெய்யவில்லை, குப்பியும் நிறமற்ற கண்ணாடி, ஜன்னலில் வெயில். மூன்று தவறும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பு. பச்சைத் தேயிலை கலந்த பூச்சை வாங்குவதாக இருந்தால், ஒளி புகாத, காற்று உள்ளே போகாத பம்ப் குப்பியில் வருவதையே தேர்ந்தெடுப்பேன். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் விரல் விட்டு எடுக்கும் கிரீமென்றால், விலை பாதியானாலும் வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இது சன்ஸ்கிரீனுக்கு மாற்று அல்ல. புற ஊதாக் கதிரைத் தடுப்பது சன்ஸ்கிரீனின் வேலை. தப்பி உள்ளே வந்த கதிரின் சேதத்தைக் குறைப்பதுதான் தேயிலையின் வேலை.

அடுத்து மஞ்சள். எதிர்வீட்டு அக்கா ஒரு மஞ்சள் கிரீம் டப்பாவை எடுத்து வந்து, “இதில் மஞ்சள் இருக்கிறதே, நம் பாட்டி பூசியதுதானே?” என்று கேட்டார். பாட்டி பூசியது வேறு. அன்றன்று கல்லில் உரைத்து, அந்த ஈரத்தோடு பூசி, சற்று நேரத்தில் கழுவிவிட்டார். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் இரண்டு வருடம் அலமாரியில் காத்திருக்க வேண்டிய தேவையே அப்போது எழவில்லை.

அது எவ்வளவு மென்மையான பொருள் என்பதை நம் வீடுகளே காட்டிவிடும். வேட்டியில் குழம்புக் கறை பட்டால் துவைத்து வெயிலில் போடுகிறோம், மாலைக்குள் மஞ்சள் வெளுத்துவிடுகிறது. அது வெளிச்சத்தில் குர்குமின் சிதைவதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறது. அது காரத்தில் குர்குமின் உருமாறுவது. சோப்புக் கட்டியின் பிஹெச் பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். மஞ்சள் சோப்பில் உள்ள குர்குமினின் கதி என்னவாகும் என்பதற்கு ஆரத்தித் தட்டே சாட்சி.

அளவுக் கணக்கும் மஞ்சளுக்குச் சாதகமாக இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம். ஒரு கிரீமில் 1 சதவீதம் மஞ்சள் தூள் இருந்தால், அதில் குர்குமின் 0.05 சதவீதத்தைத் தாண்டாது. கூட்டிப் போட்டால் தலையணை உறை மஞ்சளாகிவிடும், ஆகவே யாரும் கூட்டிப் போடுவதில்லை. இந்தச் சிக்கலுக்கு வேதியியலாளர்கள் கண்ட விடை டெட்ராஹைட்ரோகுர்குமின். குர்குமினுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பெறுவது. நிறமில்லை, கறையில்லை, நிலைத்தன்மையும் அதிகம். ‘முழுக்க இயற்கை’ என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதை ஏற்பதில்லை. கிரீமில் மஞ்சளின் பயன் வேண்டும் என்றால் இதுதான் சரியான வடிவம் என்பது என் முடிவு. இயற்கையாகவே வேண்டும் என்றால் கிழங்கை உரைத்துப் பூசிக் கழுவலாம், அதற்கு டப்பா தேவையில்லை.

காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதும், நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வெற்றியில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அங்கே நிலைநாட்டப்பட்டது இந்தப் பயன்பாடு நம்மிடம் காலங்காலமாக இருந்தது என்பதுதான். டப்பாவில் அடைத்த எல்லா மஞ்சள் கிரீமுக்கும் அது தந்த நற்சான்றிதழ் அல்ல.

நெல்லிக்காய் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் மிக அதிகமாக வாக்குறுதி அளிக்கப்படுவது இதன் பெயரில்தான். ‘நெல்லியின் இயற்கை வைட்டமின் சி’ என்று எழுதிய சீரம்களைப் பார்க்கிறேன். நம் பழைய ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராம் நெல்லிக்காய்க்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கும். பழங்களில் அது மிகப் பெரிய அளவு, மறுக்கவில்லை. சதவீதமாக மாற்றினால் 0.6. தோலுக்குள் வைட்டமின் சி போக வேண்டுமானால் 10 முதல் 20 சதவீதச் செறிவும், பிஹெச் 3.5க்குக் கீழான அமிலத்தன்மையும் வேண்டும். அதாவது கலப்பில்லாத நெல்லிச் சாற்றை முகத்தில் ஊற்றினாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதில் 2 சதவீதம் சாரம் கலந்த சீரம் எந்த மூலைக்கு?

நெல்லியின் உண்மையான வலிமை அதன் துவர்ப்பில், அதாவது டானின்களில் இருக்கிறது. இரும்பு வாணலியில் நெல்லிப் பொடியைக் குழைத்து இரவு வைத்துப் பாருங்கள், காலையில் மை போலக் கறுத்திருக்கும். டானின் இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. இரும்பும் செம்பும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும் உலோகங்கள். அவற்றைக் கட்டிப்போடுவது ஒரு பூச்சில் பயனுள்ள வேலைதான். தலைக்குப் பூசும் நெல்லிப் பொடி பற்றி எனக்குக் குறையில்லை. முகத்துக்கு வைட்டமின் சி வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் நெல்லியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் வைட்டமின் சியையே வாங்கட்டும்.

அதில் தாவரத்தின் பங்கு முழுக்க இல்லாமல் போகவில்லை. டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2005இல் 15 சதவீத வைட்டமின் சியும் 1 சதவீத வைட்டமின் ஈயும் கலந்த கரைசலில் 0.5 சதவீதம் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தது. கரைசல் கெடாமல் நின்றது, பன்றித் தோலில் ஒளிச்சேதப் பாதுகாப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. ஃபெருலிக் என்ற பெயர் பெருங்காயச் செடியின் இனப்பெயரான ‘ஃபெருலா’விலிருந்து வந்தது. அரிசித் தவிட்டிலும் இது இருக்கிறது. சாம்பாரிலும் தவிட்டிலும் இருப்பது சீரம் குப்பியில் இப்படி ஒரு வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இனி ரோஸ்மேரி. இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். கடையில் ‘ரோஸ்மேரி’ என்ற பெயரில் இரண்டு சரக்குகள் உண்டு. ஒன்று, ஆவியில் வடித்த வாசனை எண்ணெய்: நீர் போல ஓடும், கற்பூர நெடி அடிக்கும். மற்றொன்று, இலையின் சாரம்: கரும்பச்சையாக, தேனை விடக் கெட்டியாக இருக்கும், அடுக்களைக் கஷாய வாடை வரும். எண்ணெயைக் காப்பாற்றும் கார்னோசிக் அமிலம் ஆவியாகாத பொருள், அதனால் வாசனை எண்ணெயில் அது வருவதில்லை, சாரத்தில்தான் வரும். முக எண்ணெய் கெடாமலிருக்க வாசனை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு முகம் எரிந்தவர்களை நான் அறிவேன்.

கார்னோசிக் அமிலத்துக்கு ஓர் அருமையான குணம் உண்டு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கார்னோசால் ஆகிறது, அந்தக் கார்னோசாலும் ஆன்டிஆக்சிடன்ட்தான். ஆகவே முதல் அடியிலேயே தீர்ந்துபோவதில்லை. எண்ணெயில் கரைவதால் எங்கே தேவையோ அங்கேயே நிற்கிறது. ஐரோப்பாவில் உணவு எண்ணெய்களுக்கே இது இ 392 என்ற எண்ணில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நான் 100 மில்லி எண்ணெய்க்குக் கால் மில்லிக்கு மேல் விடுவதில்லை. அதற்கு மேல் போனால் வாடை தூக்கும். காறிப்போன எண்ணெயே தோலுக்கு எரிச்சல் தரும் என்பதால், குப்பியைக் காப்பது தோலைக் காப்பதும்தான். ஆனால் ரோஸ்மேரி பூஞ்சையைத் தடுக்கும் என்று நம்பி, நீர் சேர்ந்த கிரீமைப் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் செய்யக் கூடாது. காறலைத் தடுப்பது வேறு, கிருமியைத் தடுப்பது வேறு.

திராட்சை விதைச் சாரமும் மாதுளைச் சாரமும் பட்டியலில் அடிக்கடி வரும். தோலின் மேலடுக்கைக் கடக்க மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது 2000இலிருந்து பேசப்படும் ஒரு விதி. குர்குமின் 368, இஜிசிஜி 458, கார்னோசிக் அமிலம் 332. திராட்சை விதையின் பெரிய கூட்டு மூலக்கூறுகளும் நெல்லியின், மாதுளையின் டானின்களும் அந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன. மேற்பரப்பில் அவை ஏதாவது செய்யலாம், ஆழத்துக்குப் போகும் என்ற பேச்சை நான் நம்பவில்லை.

அக்காவின் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்தோம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன் பிறகு எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். பொதுவாக 1 சதவீதத்துக்குள் சேர்க்கப்படும் ஃபீனாக்சிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் ஏழாவதாக வந்தது. மஞ்சள் சாரம் பதினொன்றாவதாக, வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் இருந்தது.

“அப்படியென்றால் நான் எதை வாங்க வேண்டும்?” என்றார் அக்கா. இரவில் பூச முக எண்ணெய் என்றால், பொருள் பட்டியலில் ரோஸ்மேரி இலைச் சாரமோ வைட்டமின் ஈயோ உள்ளதாகப் பார்த்துச் சிறிய குப்பியாக வாங்கச் சொன்னேன். பகலில் வெயிலில் நடப்பவர் என்பதால் முதலில் சன்ஸ்கிரீன், அதற்கு அடியில் பம்ப் குப்பியில் வரும் பச்சைத் தேயிலைப் பூச்சு. எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்துக்கு. மஞ்சளை வெள்ளிக்கிழமை உரைத்துப் பூசிக்கொள்ளலாம். நெல்லிக்காயை உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். குப்பியைத் திறந்த தேதியை அடியில் மார்க்கரால் எழுதி வைக்கும்படியும் சொன்னேன். நிறம் மாறினாலோ காறல் வாடை வந்தாலோ, தேதி எதுவானாலும் அதை முகத்தில் வைக்கக் கூடாது.