பழைய துவக்கின் “அறையை நீட்டித் தாறம்” என்பவர்களிடம் கவனம்

கச்சானிலும் சோளத்திலும் பன்றி இறங்கத் தொடங்கினால், பத்திரத்தோடு இருக்கிற பழைய 12ஆம் நம்பர்த் துவக்குகளைத் துடைத்து எடுப்பது வன்னியில் வழமை. அந்த நேரம் பார்த்துத்தான், குழலின் பின்பக்கத்தில் தோட்டா இருக்கிற அறையை நீட்டித் தாறம் என்கிற இந்த ஏமாற்றும் நடக்கிறது.

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் பூட்டு இறுகிப்போன ஒற்றைக்குழல் துவக்கைத் திருத்தக் கொடுத்தார். திருத்தினவர் பூட்டுக்கு எண்ணெய் விட்டதோடு, “அறையையும் நீட்டி விட்டிருக்கு, இனி 70 மில்லிமீற்றர்த் தோட்டாவும் போடலாம்” என்று அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். தோட்டா சுகமாக உள்ளே போனது. வெடித்த பிறகு வெற்றுக் கோது வெளியே வர மறுத்தது. நெம்பி எடுத்தால் கோதின் வாய் தும்பு தும்பாகக் கிழிந்திருந்தது. அளந்து பார்த்ததில் அறை பழையபடி 65தான், அரம்கூடப் படவில்லை. கேட்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: “தோட்டா உள்ள போகுதுதானே அண்ணை, பிறகென்ன?”

அந்தப் பதிலில்தான் முழு ஆபத்தும் இருக்கிறது. தோட்டாவில் 70 என்று எழுதியிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகு வருகிற நீளம். வாய் மடித்த நிலையில் அது 60 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் இருக்கும். அதனால் 65 அறைக்குள் தாராளமாகப் போகும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல், அறை ஒடுங்கிக் குழலாக மாறுகிற கழுத்துக்குள் போய் நெரிகிறது. சன்னமும் (ஈய உருண்டைகள்) அதற்குப் பின்னாலிருக்கிற அடைப்பும் அந்த ஒடுக்கத்தால் பிதுங்கிப் போகவேண்டி வர, அமுக்கம் ஏறுகிறது. முதல் வெடியிலேயே குழல் பிளக்கும் என்றில்லை. உதை கூடும், பூட்டு ஆடத் தொடங்கும், தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கிற தொப்பி தட்டையாகும். துருப்பிடித்து மெலிந்த பழைய குழல் என்றால் எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

உண்மையாகவே நீட்டினாலும் அது நல்ல வேலை இல்லை. அமுக்கம் உச்சத்தில் நிற்கிற இடத்தில் இரும்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படிச் செய்த குழலை மறுபடி சோதனைக்கு விட்டு முத்திரை வாங்காமல் விற்க முடியாது. பட்டறையில் அரம் பிடிக்கிறவர் எந்த முத்திரையைத் தரப் போகிறார்?

நீங்களே பார்க்கலாம். துவக்கில் தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடியைத் துடையுங்கள். ஆங்கிலத் துவக்கில் 2½ அல்லது 65 என்று இருந்தால் 65 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த தோட்டா மட்டும்தான். 2¾ அல்லது 70 என்றால் 70 போகும். வைர வடிவத்துக்குள் 12, அதன் கீழ் C என்றிருப்பது 1925க்கு முந்திய முத்திரை. அது அறை 3 அங்குலத்துக்குக் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது, ஆகவே அளந்தே ஆகவேண்டும். லேத்துக்காரரிடம் சுமார் 20.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பித்தளைத் துண்டு கடையச் சொல்லி, 65இலும் 70இலும் கோடு போடுங்கள். மெதுவாக உள்ளே விட்டால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரியும். குழலில் பாய் பின்னினதுபோலக் கோலம் தெரிந்தால் அது டமஸ்கஸ் குழல் (இரும்பும் உருக்கும் முறுக்கி ஒட்டின பழைய குழல்), இன்றைய தோட்டாவே வேண்டாம்.

இதே ஆட்கள் “முழு ஒடுக்கம், எஸ்ஜி போட்டால் தூரத்துக்குப் போகும்” என்றும் விற்கிறார்கள். ஒடுக்கம் என்றால் குழலின் வாய் கொஞ்சம் ஒடுங்கியிருப்பது, எஸ்ஜி என்றால் பெரிய சன்னம். எஸ்ஜி சன்னம் ஒன்று 8.4 மில்லிமீற்றர். வழமையான 9 சன்னத் தோட்டாவில் மூன்று மூன்றாக அடுக்கியிருக்கும். மூன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்க 18.1 மில்லிமீற்றர் அகலம் தேவை. 12ஆம் நம்பர்க் குழல் 18.5, அதில் இடமிருக்கிறது. முழு ஒடுக்க வாயோ 17.5 அளவில்தான். ஈயம் நசுங்கி, திக்குக்கு ஒன்றாகச் சிதறும். கால் ஒடுக்கமோ அதற்குக் குறைவோதான் எஸ்ஜிக்குப் பொருத்தம். சில துவக்குகளில் வாயிலிருந்து நாலைந்து அங்குலம் வெட்டியிருப்பார்கள். ஒடுக்கம் வாயோடு சேர்ந்த அந்தத் துண்டில்தான் இருந்தது, வெட்டினால் போச்சு. வேர்னியரை வாய்க்குள் வைத்து அளந்தால் பொய் பிடிபடும்.

ஒற்றைக்குண்டுத் தோட்டாவின் வரிகள் குண்டைச் சுழற்றி நேராக விடும் என்பதும் கதைதான். அந்தக் குண்டு நேராகப் போவது முன்பக்கப் பாரத்தால். குழலுக்குள் புரி வெட்டாமல் சொல்லும்படியான சுழற்சி வராது.

தோட்டாக்களைக் கலந்து பையில் போட்டுத் தந்தால் வாங்கவே வேண்டாம். 20ஆம் நம்பர்த் தோட்டா 12ஆம் நம்பர் அறைக்குள் வழுக்கிப்போய்க் கழுத்தில் நிற்கும், வெளியே தெரியாது. வெறும் அறை என்று நினைத்துப் பின்னால் 12ஐப் போட்டு இழுத்தால் குழல் வெடிக்கும். 20ஐ மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். மாரி முழுக்கச் சும்மா கிடந்த துவக்கென்றால் குளவி குழலுக்குள் மண்கூடு கட்டியிருக்கும். தோட்டா போட முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பிறகு கம்பியில் சீலை சுற்றி ஒருதரம் ஓட்டிவிடுங்கள்.