இரண்டடி மேடைக்கு எவ்வளவு ஆழமான ஃபிரிட்ஜ்? ஒன்பது ஆண்டு அனுபவம்

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள், எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். சுவரிலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் வந்து நிற்கும் என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 2016இல் நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை விட்டதற்காக ஐந்து ஆண்டுகள் எங்கள் வீட்டில் எல்லோரும் இடித்துக்கொண்டே நடந்தோம்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறது. சமையலறை பத்தடிக்கு ஏழடி. நீளச் சுவரை ஒட்டி இரண்டடி ஆழத்துக்குக் கிரானைட் மேடை, விளிம்பு மடிப்போடு சேர்த்தால் 25 அங்குலம். மேடை முடிகிற இடத்தில் மளிகைச் சாமான் வைக்கும் உயர அலமாரி. அதற்கு இடப்பக்கம் குறுக்குச் சுவர் வரை 30 அங்குல இடம். அதுதான் ஃபிரிட்ஜுக்கு என்று மேஸ்திரி விட்டுவைத்த இடம். அகலம் தாராளம். சிக்கல் வேறொன்றில் இருந்தது: அந்தக் குறுக்குச் சுவரில்தான் சமையலறை வாசலும் இருக்கிறது. பின்சுவரிலிருந்து 26ஆவது அங்குலத்தில் வாசல் நிலை தொடங்கிவிடுகிறது.

ஆடித் தள்ளுபடியில் 340 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கினோம். விவரத் தாளில் ஆழம் 68 செ.மீ. என்று இருந்தது, அதாவது ஏறக்குறைய 27 அங்குலம். மேடையைவிட இரண்டு அங்குலம்தானே கூடுதல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மீதிக் கணக்கு தெரிந்தது. மின்சாரப் பிளக் பின்னால் இருந்ததால் சுவரை ஒட்டித் தள்ள முடியவில்லை, அதற்கு மூன்று அங்குலம். துருத்திக்கொண்டிருந்த கைப்பிடியைத் தாளில் சேர்க்கவே இல்லை, அதற்கு ஒன்றேகால் அங்குலம். ஆக மொத்தம் சுவரிலிருந்து 31 அங்குலம். மேடையைத் தாண்டி ஆறு அங்குலம், வாசல் நிலைக்குள் ஐந்து அங்குலம்.

முப்பது அங்குல வாசல் இருபத்தைந்து ஆகிவிட்டது. இதைப் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. கொதிக்கிற ரசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போகும்போது தெரியும். அத்தைக்கு அப்போது 63 வயது. வலது தோள் அந்த மூலையில் பட்டுப் பட்டு, ஒரு கட்டத்தில் சமையலறையை விட்டு வரும்போது தன்னையறியாமல் ஒருக்களித்து நடக்கப் பழகிவிட்டார். வெளியூர் உறவினர் வீட்டிலும் அவர் அப்படியே ஒருக்களித்து வாசலைக் கடந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் வலித்தது.

இந்த இடத்தில் ஆழம் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடையில் ஒரே எண்ணாகச் சொல்லுவார்கள். உண்மையில் நான்கு எண்கள் உண்டு: கதவு இல்லாத பெட்டியின் ஆழம், கதவோடு சேர்ந்த ஆழம், கைப்பிடியோடு சேர்ந்த ஆழம், கதவைத் தொண்ணூறு பாகைக்குத் திறந்து வைத்தால் வரும் ஆழம். எல்லாம் ஒரே வேலைக்கு இல்லை. மேடையோடும் அலமாரியோடும் பொருத்திப் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. நடைவழிக்கு மூன்றாவதை. எதிரே ஒருவர் நிற்க இடம் இருக்குமா என்பதற்கு நான்காவதை. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், மேடை ஆழத்துக்கே செய்தது என்று விற்கும் வகையை வாங்கியிருக்கிறார். அங்கேயும் பெட்டிதான் மேடையோடு நேராக நிற்கிறது, கதவும் கைப்பிடியும் வெளியேதான். ‘அதுதான் சரியான அமைப்பு’ என்று அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தவறைச் செய்த பிறகுதான் புரிந்தது.

அந்தத் தவறு 2018இல் நடந்தது. சமையலறைக்குப் புது அலமாரிகள் போட்டோம். ஃபிரிட்ஜ் துருத்திக்கொண்டு நிற்பது அசிங்கமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் எண்ணம். ஆசாரி ஒரு வழி சொன்னார்: ‘பக்கத்து அலமாரியையும் முப்பது அங்குலத்துக்கு இழுத்துவிடலாம் அம்மா. ஃபிரிட்ஜ் உள்ளே அடங்கின மாதிரி இருக்கும்.’ சரி என்றேன். பக்கவாட்டில் மிச்சமிருந்த ஆறு அங்குலத்தையும் வீணாக்க வேண்டாம் என்று எண்ணெய் பாட்டில் வைக்க ஒல்லியான இழுப்பறை ஒன்று செய்து அடைத்தோம். மேலே பரண் பெட்டி, ஃபிரிட்ஜின் தலைக்கும் அதற்கும் விரல் நுழையாத இடைவெளி. பார்க்க அழகாக இருந்தது. இரண்டே நாளில் அழுகை வந்தது.

கதவின் கீல் வலப்பக்கம். வலப்பக்கத்தில் இப்போது முப்பது அங்குல அலமாரி. கதவைத் திறந்தால் அது அலமாரியின் விளிம்பில் ‘டக்’ என்று இடித்துத் தொண்ணூறு பாகையிலேயே நின்றுவிட்டது. பால் எடுக்கலாம், தண்ணீர் எடுக்கலாம். காய்கறிப் பெட்டியை மட்டும் இழுக்க முடியாது. கதவு தொண்ணூறில் நின்றால் அதன் உட்புறத் தட்டுகள் பெட்டியின் பாதையில் குறுக்கே வந்துவிடும். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து காய் வாங்கி வந்த ஒவ்வொரு முறையும் பெட்டியின் இடது முனையை முதலில் தூக்கி, பிறகு சாய்த்து, ஒரு மூலையை வெளியே கொண்டுவந்து, கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் அந்தப் பெட்டியின் முன்விளிம்பு விரிசல் விட்டது. பிறகு விரிசல் மேல் ஒட்டுநாடா. அந்த ஒட்டுநாடாவில் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டு கறுத்துப்போனது. சுத்தம் செய்வதற்காகக்கூடப் பெட்டியை முழுதாக வெளியே எடுக்க முடியவில்லை.

வெப்பம் அடுத்து வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் வெளியே நாற்பது பாகை தாண்டினால், அடுப்பு எரிகிற சமையலறை எப்படி இருக்கும் என்பது இங்கே சமைக்கிறவர்களுக்குத் தெரியும். பழைய ஃபிரிட்ஜ்களில் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை தெரியும். அது உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிற பாகம். இப்போது வருகிற பலவற்றில் அந்தக் குழாயைப் பக்கச் சுவர்களுக்குள் பதித்துவிடுகிறார்கள். அதனால்தான் பக்கங்களைத் தொட்டால் சுடுகிறது. பக்கத்தை அடைத்தால் சூடு போக வழியில்லை, கம்பிரசர் ஓயாமல் ஓடும். எங்களுடையது அந்த மே மாதம் இரவிலும் நிற்கவில்லை. காலையில் வாங்கி வைத்த பால் மாலையில் திரிந்தது. பழுது பார்க்க வந்தவர் எண்ணெய் இழுப்பறையைக் கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டு, ‘இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை, மூச்சு விட இடம் கொடுங்கள்’ என்றார். கழற்றிய மறுநாளே கம்பிரசர் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது.

அவரிடமிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஃபிரிட்ஜின் உள்ளே அல்லது பின்னால் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் தட்பவெப்ப வகை ஒன்று குறித்திருக்கும். ‘என்’ (N) என்றால் 32 பாகை வரை, ‘எஸ்.டி’ (ST) என்றால் 38 வரை, ‘டி’ (T) என்றால் 43 வரை சுற்றுப்புற வெப்பத்துக்கு வடிவமைத்தது. நம் வட ஆற்காட்டுப் பக்கத்துக்கு ‘டி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆழம் சரியாக அமைந்தும் இந்த எழுத்து தவறாக இருந்தால் கோடையில் பயனில்லை.

நடுவில் ஒரு யோசனை வந்தது: ஃபிரிட்ஜை முன்னால் குறைக்க முடியாவிட்டால் பின்னால் சுவரைக் குடையலாமே என்று. கொசப்பேட்டையில் சித்தி வீட்டில் இதையே செய்யப் பார்த்தார்கள். அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு, மேலே மர உத்திரம் தாங்கிய மெட்ராஸ் டெரஸ் என்ற பழங்காலக் கூரை. வந்து பார்த்த மேஸ்திரி உளியைக் கையில் எடுக்கவே இல்லை. உத்திரம் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, இதில் கை வைத்தால் கூரைக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு குடைந்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அந்த மேஸ்திரி மேல் எனக்குப் பெரிய மரியாதை. சித்தி ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கிக் கூடத்தில் வைத்துக்கொண்டார். தூண் எழுப்பிக் கட்டிய எங்கள் வீட்டில் குடைய முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் பின்சுவர் மேற்குப் பார்த்த வெளிச்சுவர். அதை மெலிதாக்கிச் சாயங்கால வெயிலை ஃபிரிட்ஜின் முதுகுக்கே அனுப்ப நான் தயாராக இல்லை.

2021இல் மாற்றினோம். இந்த முறை டேப்போடு கடைக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து கதவின் ரப்பர் வந்து படியும் இடம் வரை அளந்தேன். விற்பனையாளர் பொறுமையாக மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஏழெட்டு ஃபிரிட்ஜ்களை அளந்த பிறகு 255 லிட்டரில் ஒன்று அமைந்தது: பெட்டி 56 செ.மீ., கதவோடு 63 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டியது, கைப்பிடி துருத்தாமல் கதவிலேயே பள்ளமாக இருந்தது.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்தேன், எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஃபிரிட்ஜ் நிற்கும் அளவுக்கும் திறந்த கதவின் அளவுக்கும் வெட்டித் தரையில் விரித்தேன். பழைய ஃபிரிட்ஜ் அப்போது கூடத்துக்குப் போயிருந்தது. இரண்டு நாள் அந்தத் தாளை மிதிக்காமல் சமைத்தோம். எண்களைப் பார்த்துப் புரியாதது கால்களுக்குப் புரிந்தது. அத்தை இரண்டாம் நாள் சொன்னார்: ‘இது போதும்மா. இதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம்.’

எலெக்ட்ரீஷியனை வைத்து மின்சாரப் பிளக் பாயிண்டை ஃபிரிட்ஜின் முதுகிலிருந்து எடுத்து, பக்கச் சுவரில் தலைக்கு மேல் உயரத்துக்கு மாற்றினோம். அதனால் பின்னால் இரண்டு அங்குலம் விட்டால் போதுமானதாயிற்று. ஆசாரி வந்து பக்கத்து அலமாரியை மறுபடி 24 அங்குலத்துக்கு அறுத்தார். இப்போது பெட்டியின் முன்விளிம்பும் அலமாரியின் முன்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கின்றன. கதவு மட்டும் மூன்று அங்குலம் வெளியே. கதவு அலமாரியைத் தாண்டி நின்றால்தான் தொண்ணூறையும் கடந்து திறக்கும், காய்கறிப் பெட்டி முழுதாக வெளியே வரும். நாத்தனார் சொன்னது இதைத்தான். முழுக்க உள்ளே அடக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மேலே பரணின் அடிப்பலகையை எடுத்துவிட்டோம், இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் காற்றுக்கு விட்டோம்.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இழந்தது 85 லிட்டர். அது முழுக்க ஆழத்தால் போனது இல்லை, அகலமும் உயரமும்கூடக் குறைவு. நான் அதிகம் உணர்ந்தது தட்டின் உள்ளாழம்தான், 14 அங்குலம் 12 ஆகிவிட்டது. இட்லி மாவு வைக்கும் பத்து அங்குல எவர்சில்வர் பாத்திரம் நிற்கிறது, அதன் பின்னால் வேறொன்றும் நிற்காது. தீபாவளிக்கு மைசூர்பாகு கொட்டும் 13 அங்குலத் தட்டு உள்ளே போகாது. உங்கள் வீட்டின் பெரிய பாத்திரம் எதுவோ அதன் குறுக்களவை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கிடைத்தது என்ன என்று கேட்டால், கத்தரிக்காயைச் சொல்வேன். இலவம்பாடி முள் கத்தரிக்காய் எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் வரும். பழைய ஆழமான பெட்டியில் அது பின்னால் ஒதுங்கி, நான் மறந்து, நாலைந்து நாள் கழித்துத் தோலில் குழி விழுந்து, அறுத்தால் விதைகள் பழுப்பாக இருக்கும். கத்தரிக்காய்க்கு அதிகக் குளிர் ஆகாது, நெடுநாள் வைக்கவும் கூடாது. இப்போது பெட்டியை இழுத்தால் கடைசி மூலை வரை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு நாளுக்குள் எடுத்துவிடுகிறேன். கண்ணில் படாமல் போய்க் குப்பைக்குப் போகிற பொருள் என்று ஏதும் இப்போது இல்லை. கொள்ளளவு குறைந்த பிறகு வீணாவதும் குறைந்தது.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. எங்கள் ஃபிரிட்ஜ் மேடையின் இடக்கோடியில் இருக்கிறது, கீல் வலப்பக்கம். திறந்தால் கதவு எனக்கும் மேடைக்கும் நடுவில் வந்து நிற்கிறது. மாவுப் பாத்திரத்தை எடுத்துக் கதவைச் சுற்றி வந்துதான் மேடையில் வைக்க வேண்டும். மேடையின் வலக்கோடியில் ஃபிரிட்ஜ் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கீலை இடம் மாற்றிக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு. அளவு எடுப்பதிலேயே குறியாக இருந்த நான் அதைக் கேட்கவில்லை. அடுத்த முறை 56 செ.மீ. பெட்டியும் இடப்பக்கக் கீலும் சேர்ந்து கிடைத்தால் வாங்குவேன். அதுவரை அத்தை நேராக நடந்து வாசலைக் கடக்கிறார், நான் கதவைச் சுற்றி வருகிறேன்.