வெண்டிலேட்டர் காற்றுக்கு ஈரம்: எச்எம்இ ஃபில்டரா, ஹீட்டட் ஹியூமிடிஃபையரா?

தொண்டையில் டியூப் போட்டதுமே மூக்கின் வேலை நின்றுபோகிறது. வெண்டிலேட்டருக்கு வரும் ஆக்சிஜனில் ஈரம் கிடையாது. நுரையீரலின் ஆழத்திலோ காற்று 37 டிகிரியில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சளி கெட்டிப்பட்டு டியூப்பின் உட்சுவரில் பொருக்காக ஒட்டும். ஒருநாள் சளியை உறிஞ்சும் சக்ஷன் கதீட்டர் உள்ளே இறங்காது.

இந்த ஈரத்தைக் கொடுக்க இரண்டு வழிகள். ஒரு நாளுக்கு மேல் வெண்டிலேட்டரில் இருக்கப்போகிறவர்களுக்கு நாங்கள் தேர்ந்தது ஹீட்டட் ஹியூமிடிஃபையர், அதாவது சேம்பர் என்னும் கலத்தில் தண்ணீரைச் சூடாக்கி அதன்வழியே காற்றை ஈரமாக்கும் கருவி.

எச்எம்இ (ஹீட் அண்ட் மாய்ஸ்சர் எக்ஸ்சேஞ்சர்) ஃபில்டர் எளிய பொருள். வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து அடுத்த மூச்சில் திருப்பித் தரும். மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரத்தில் டியூப் எடுக்கப்போகிறவருக்கும், ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதும் இதுவே போதும்.

முடிவைத் தீர்மானிப்பது டெட் ஸ்பேஸ், அதாவது காற்று போய்வந்தும் வாயுப் பரிமாற்றம் நடக்காத இடம். எச்எம்இ உட்காருவது உள்மூச்சுக் குழாயும் வெளிமூச்சுக் குழாயும் சேரும் ஒய்-பீஸுக்கும் டியூப்புக்கும் நடுவில். வெளிவிட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதி அதற்குள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே போகிறது. பெரிய மூச்சாக இருந்தால் இது பொருட்டில்லை. ஆனால் 2000-இல் வெளியான ஏஆர்டிஎஸ் (கடுமையான நுரையீரல் பாதிப்பு) நெட்வொர்க் ஆய்வில், ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லிக்குப் பதில் 6 மில்லி கொடுத்தவர்களில் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்கு இறங்கியது. அதன்பின் சிறிய மூச்சு என்பதே வழக்கமாகிவிட்டது. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை சுமார் 52 கிலோ, டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) சுமார் 315 மில்லி. எச்எம்இயின் கொள்ளளவு 50 மில்லி என்றால் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வீண். நிமிடத்துக்கு 30 மூச்சு என்றால் ஒன்றரை லிட்டர் பயனில்லாமல் போய்வருகிறது. ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) கரியமில வாயு ஏறும். உடனே மூச்சு ரேட்டைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் மூச்சு முழுதாக வெளியேற நேரமில்லாமல் காற்று உள்ளே தேங்கும். ரேட்டைத் தொடும் முன் எச்எம்இயைக் கழற்றி ஹியூமிடிஃபையருக்கு மாற்றிப் பாருங்கள். அந்தக் கருவி இன்ஸ்பிரேட்டரி (உள்மூச்சு) குழாயில் இருப்பதால் டெட் ஸ்பேஸைக் கூட்டுவதில்லை.

சளி கெட்டியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், உடல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால், நிமிட மூச்சளவு 10 லிட்டரைத் தாண்டினால் எச்எம்இ வேண்டாம். டியூப்பைச் சுற்றிய கப் (காற்றடைத்த வளையம்) கசிவதிலோ நுரையீரல் ஓட்டையிலோ மூச்சு வேறு வழியாக வெளியேறினாலும் அப்படியே. திரும்பி வராத மூச்சிலிருந்து ஈரத்தை எப்படிப் பிடிக்கும்?

ஹியூமிடிஃபையர் பராமரிப்பு கேட்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. சேம்பருக்கு ஸ்டெரைல் வாட்டர் மட்டும். சலைன் ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு படியும். தண்ணீர் பை தீர்ந்தது தெரியாமல் சேம்பர் வற்றினால், காய்ந்த சூடான காற்றுதான் போகும். சேம்பர் வாயில் 37, ஒய்-பீஸில் 40 டிகிரி என்று வைக்கும் கருவிகள் பரவலானவை; அந்த 3 டிகிரி வித்தியாசம் குழாய்க்குள் நீர் கோக்காமல் இருக்கத்தான். ஏசி காற்று நேராகக் குழாயில் அடித்தால் அதையும் மீறி நீர் கோக்கும். தேங்கிய நீர் ஆடும்போது வெண்டிலேட்டர் அதை நோயாளியின் முயற்சி என்று எண்ணித் தானாக மூச்சு கொடுக்கும். திரையில் ஃப்ளோ கோடு (காற்றோட்ட வரைகோடு) ரம்பப் பல்போலத் தெரிந்தால் முதலில் குழாயைப் பாருங்கள். அந்த நீரை நோயாளி பக்கமோ சேம்பர் பக்கமோ சாய்க்காமல் வாட்டர் டிராப்பில் வடிக்க வேண்டும். கருவி எப்போதும் தலைமட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஈரம் போதுமா என்று பார்க்க, டியூப்பை ஒட்டிய இணைப்பான மவுண்டின் உட்சுவரைப் பாருங்கள். பனித்துளிபோல நீர் அரும்பியிருந்தால் நல்லது. காய்ந்து கிடந்தால், பிளேட்டோ பிரஷர் (காற்றோட்டத்தை நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) மாறாமல் பீக் பிரஷர் (உச்ச அழுத்தம்) மட்டும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் டியூப் குறுகி வருகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

வெண்டிலேட்டர் நிமோனியாவைக் குறைப்பது எது என்று கேட்டால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆய்வுகள் ஒரு பக்கமாகச் சாயவில்லை. அந்தக் காரணத்துக்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்தக் கணக்கெல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு அளவுகள் வேறு.

எதை வைத்தாலும் இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது. ஹியூமிடிஃபையரின் நீராவியில் எச்எம்இ ஊறி அடைத்துக்கொள்ளும். இது பெரும்பாலும் ஸ்கேன் முடிந்து படுக்கைக்குத் திரும்பும்போதுதான் நடக்கிறது: வழிப் பயணத்துக்காகப் போட்ட எச்எம்இ டியூப்பிலேயே இருக்க, ஹியூமிடிஃபையர் குழாயை அதன்மேலேயே மாட்டிவிடுவார்கள். குழாயை மாட்டும் கையே எச்எம்இயைக் கழற்றித் தட்டில் போட்ட பிறகுதான் ஹியூமிடிஃபையரின் ஸ்விட்சைத் தொட வேண்டும்.